மறு: ரிவர்ஸ் போலாரிட்டி ஃபியூஸ் – தமிழில் எப்படிச் சொல்வது?

அனைவருக்கும் வணக்கம்.

> 'எதிர்முனை உருகி' என்றே வைத்துவிடலாம். மூலச்சொல்லோடு ஒட்டி வருகிறது.

ஒட்டி வருவது உண்மைதான் ஐயா. ஆனால் எதிர்முனை என்றதும் படிப்பவருக்கு நெகட்டிவ் முனைதான் நினைவுக்கு வரும். பழுது பார்க்க உட்கார்ந்தவர் நெகட்டிவ் கம்பியைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்.

அந்த உருகி என்ன வேலை செய்கிறது என்று பார்ப்போம். அமெரிக்க ஆர்.வி. வண்டிகளில் (உள்ளேயே தங்கிப் பயணிக்கும் வீட்டு வண்டிகள்) வெளியிலிருந்து வரும் 120 வோல்ட் மின்சாரத்தை கன்வர்ட்டர் 12 வோல்ட்டாக மாற்றி விளக்குக்கும் தண்ணீர் பம்புக்கும் கொடுக்கிறது, பேட்டரியையும் சார்ஜ் செய்கிறது. பேட்டரியை யாராவது முனை மாற்றி இணைத்துவிட்டால் கன்வர்ட்டர் எரியாமல் காப்பது இந்த உருகிதான். பெரும்பாலும் இரண்டு இருக்கும், 30 அல்லது 40 ஆம்பியரில்.

முனை மாறுவதற்கு நல்ல காரணமும் உண்டு. காரில் கறுப்புக் கம்பி நெகட்டிவ். பல ட்ரெய்லர்களிலோ பேட்டரிக்குப் போகும் கறுப்புக் கம்பி பாசிட்டிவ், வெள்ளைதான் நெகட்டிவ். கார் பழக்கத்தில் மாட்டினால் அந்த நொடியே இந்த உருகி எரிந்துபோய்விடும். அப்புறம் வண்டியை வெளி மின்சாரத்தில் இணைத்து வைத்தாலும் பேட்டரியில் சார்ஜ் ஏறாது. விளக்கு, பம்புக்கான சிறிய உருகிகளை ஒவ்வொன்றாகச் சோதித்தால் எல்லாம் நன்றாகவே இருக்கும். பாவம், பேட்டரிதான் கெட்டுவிட்டது என்று புதிது வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். மல்ட்டிமீட்டரை பேட்டரி முனைகளில் வைத்தால் போதும்: கன்வர்ட்டர் ஓடும்போது 13 வோல்ட்டுக்கு மேல் காட்ட வேண்டும். அது 12.6-ஐத் தாண்டவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டியது இந்த இரண்டு உருகிகளைத்தான். கண்ணால் பார்த்து முடிவு செய்யாமல், வெளி மின்சாரத்தையும் பேட்டரியையும் துண்டித்துவிட்டு, உருகியைக் கழற்றி, அதன் வழியே மின்தொடர்பு அறுபடாமல் இருக்கிறதா என்று மல்ட்டிமீட்டரில் பார்க்க வேண்டும். போனால் அதே ஆம்பியரில்தான் மாற்ற வேண்டும்.

ஆகவே 'முனைக்காப்பு உருகி' என்று முன்மொழிகிறேன். முனை மாறினால் காப்பது என்று சொல்லே வழி காட்டுகிறது.

> கன்வர்ட்டருக்கு 'மின்மாற்றி'?

வேண்டாம். அது டிரான்ஸ்ஃபார்மருக்கு எப்போதோ நிலைத்துவிட்டது. கன்வர்ட்டர் என்றே இருக்கட்டும். ஃபியூஸ் பேனலுக்கு 'உருகிப் பலகை' எனக்கும் சம்மதம்.

நம் ஆர்.வி. கையேட்டில் முனைக்காப்பு உருகி முதன்முறை வரும் இடத்தில் மட்டும் ரிவர்ஸ் போலாரிட்டி ஃபியூஸ் என்பதையும் சேர்த்து எழுதலாம். பல பலகைகளில் 'ரிவர்ஸ்' என்ற சொல்தான் அச்சிட்டிருக்கும். வண்டிக்காரர் அதைத் தேடித்தான் உருகியைக் கண்டுபிடிக்க வேண்டும்.