யாரோ செடி: அம்மாவுக்குக் கசாயம் போட்டுக் கொடுக்கலாமா?

மலைக்கொழுந்து:
நுவரெலியாவில் ஒரு பங்களாவில் பூந்தோட்ட வேலை பார்க்கிறேன். அங்கே யாரோ (yarrow) என்று ஒரு செடி பாத்தி முழுக்கப் பரவிக் கிடக்கிறது, இலை கேரட் இலை மாதிரி பொடிப்பொடியாக, மேலே வெள்ளைப் பூக்கொத்து. தங்க வந்த வெள்ளைக்கார அம்மா ஒருவர், இது ரத்தத்தை நிறுத்தும், காய்ச்சலுக்கும் வயிற்றுக்கும் குடிக்கலாம் என்றார். போன வாரம் தம்பிக்குக் கவ்வாத்துக் கத்தி பட்டு விரல் கிழிந்தது, இலையைக் கசக்கி வைத்து அழுத்தினேன், நின்றுவிட்டது. இப்போது அம்மாவுக்கு ஒரு வாரமாகப் பசியே இல்லை. கசாயம் கொடுக்கலாமா? அம்மா இதய வால்வு ஆபரேஷன் செய்தவர், ரத்தம் கட்டியாகாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை குடிக்கிறார்.

பூச்சட்டி:
செடி அதுதான், அக்கிலியா மில்லிஃபோலியம். கிரேக்க வீரன் அக்கிலீஸ் போர்க்களத்தில் இதை வைத்துக் காயம் ஆற்றினான் என்ற கதையில் வந்த பெயர். பசியின்மை, லேசான செரிமானக் கோளாறு, மாதவிலக்கு வலி, மேலோட்டமான சிறு காயம், இவற்றுக்கு இதைப் பாரம்பரிய மூலிகையாக ஐரோப்பிய மருந்து முகமையும் ஏற்கிறது. ஆனால் அதற்கு ஆதாரம் நெடுநாள் பழக்கம்தான், பெரிய மருத்துவ ஆய்வு இல்லை. செவ்வந்தி, சூரியகாந்தி குடும்பம் என்பதால் அந்தப் பூக்கள் ஒத்துக்கொள்ளாதவர்களுக்குத் தோல் தடிக்கும். கர்ப்பிணிகளும் குடிக்கக் கூடாது. வார்ஃபரின் விஷயம் எனக்குத் தெரியாது, தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஹட்டன் நர்ஸ்:
தங்கச்சி, கொடுக்காதீங்க. வார்ஃபரினோடு எந்த மூலிகையும் டாக்டரைக் கேட்காமல் சேர்க்கக் கூடாது, அதுவும் ரத்தம் உறைவதோடு சம்பந்தப்படுத்திப் பேசப்படும் செடி வேண்டவே வேண்டாம். அதைவிட எனக்குப் பயம் அந்தப் பசியின்மைதான். சாப்பாடு குறைந்தால், அதுவும் கீரை குறைந்தால், உடம்புக்குப் போகும் வைட்டமின் கே குறையும், அப்போது அதே அளவு மாத்திரையே கூடுதலாக வேலை செய்து ரத்தம் ரொம்ப நீர்த்துப்போகும். ரத்தம் உறைய எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று காட்டும் ஐஎன்ஆர் சோதனை பார்க்க வேண்டும். ஈறில் ரத்தம், மலம் கறுப்பாகப் போவது, அடிபடாமலே உடம்பில் நீலம் பாய்வது, ஏதாவது இருக்கிறதா என்று அம்மாவிடம் இன்றைக்கே கேளுங்க. இருந்தால் கிளினிக் நாள் வரை காத்திருக்க வேண்டாம். அப்புறம் தம்பிக்கு டெட்டனஸ் ஊசி போட்டீங்களா? இலை ரத்தத்தை நிறுத்தினாலும் கத்தியில் இருந்த மண்ணுக்கு ஊசிதான் வழி.

பழைய லயம்:
நர்ஸம்மா சொல்வதுதான் சரி. எங்கள் காலத்தில் கத்தி பட்டாலும் அட்டை கடித்து ரத்தம் நிற்காமல் ஒழுகினாலும் வெட்டுக்காயப் பூண்டைக் கசக்கித்தான் வைப்போம், இன்றும் லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) ஓரத்தில் மஞ்சள் நடுவோடு சின்ன வெள்ளைப் பூவாக நிற்கிறது. அதுவும் மேலே போடத்தான். உள்ளே குடிக்க யாரும் கொடுத்ததில்லை.

மலைக்கொழுந்து:
அக்கா, அம்மாவிடம் கேட்டேன். பல் விளக்கும்போது நாலு நாளாக ரத்தம் வருகிறதாம், எங்களைப் பயமுறுத்த வேண்டாம் என்று சொல்லாமல் இருந்திருக்கிறார். கிளினிக் கொப்பியை எடுத்துக்கொண்டு இப்பவே ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போகிறோம். தம்பியும் வருகிறான், அவனுக்கு இன்னும் ஊசி போடவில்லை.