முடிவின் நேரத்தை வைத்திருப்பது தனிச் செல்லா, கூட்டமா?

தும்பி:
எளிய விலங்குகளில் ஒரு முடிவு எப்போது வரவேண்டும் என்பதை நரம்புச் செல் தன் உள்ளேயே அளக்கிறது என்பதுதான் என் கட்சி. பழ ஈ இணைசேர்வது சுமார் 23 நிமிடம். முதல் ஆறேழு நிமிடங்களுக்கு, உயிருக்கு ஆபத்து வந்தாலும் ஆண் ஈ விலகாது. அப்புறம் விந்து கடத்தப்படுகிறது, பிடிவாதமும் தளர்கிறது. இந்தத் திருப்பத்தைக் கொண்டுவருபவை ஆண் ஈயில் கொராசோனின் என்ற செய்திப் பொருளைச் சுரக்கும் வெறும் 4 நரம்புச் செல்கள். அவற்றுக்குள் காம்கே-2 என்ற நொதி தொடக்கத்தில் வீரியமாக இருந்து மெல்ல அடங்குகிறது. அடங்கும்வரை செல்கள் வாய் திறப்பதில்லை. கிரிக்மோர் ஆய்வகம் 2020இல் காட்டியது இது. எவ்வளவு அழகான கடிகாரம்!

மீன்கொத்தி:
இரத்தம் உறிஞ்சும் அட்டையை விட்டுவிட்டீர்களே. ஒரே தூண்டுதலைத் திரும்பத் திரும்பக் கொடுத்தால், சில தடவை நீந்தும், சில தடவை ஊரும். 2005இல் பிரிக்மன், கிறிஸ்டன் குழு பல செல்களை ஒரே நேரத்தில் கவனித்தது. எந்தத் தனிச் செல்லும் முடிவைக் காட்டிக்கொடுக்கும் முன்பே, செல்களின் கூட்டு நடத்தையில் அது தெரிந்துவிட்டது.

தும்பி:
அதே ஆய்வில்தான் செல் 208 (அட்டையின் நரம்புச் செல்களில் அந்த எண் இடப்பட்ட ஒன்று) வருகிறது. அதன் மின்னழுத்தத்தை மாற்றியதும் முடிவு ஒரு பக்கம் சாய்ந்தது. ஒரே செல்!

மீன்கொத்தி:
சாய்ந்தது நீச்சலா ஊர்தலா என்பது. நாம் பேசுவது நேரத்தை. உங்கள் 4 செல்களும் தனித்தனியாக இயங்குபவை அல்ல. ஒன்றையொன்று தூண்டி, உள்ளே சைக்ளிக் ஏஎம்பி என்ற சமிக்ஞை மூலக்கூறு சேர்ந்து, எல்லை தாண்டியதும் கூட்டாக வெடித்துச் செயல்படுகின்றன. கிரிக்மோர் ஆய்வகத்தின் 2021 முடிவு இது.

நத்தை:
இருவரும் இரண்டு வகைக் காத்திருப்பைக் கலக்கிறீர்கள். ஈக்கு ஒரே மணத்தின் இரு அடர்த்திகளைக் கொடுத்தால், வேறுபாடு குறையக் குறைய முடிவெடுக்க அதிக நேரம் ஆகும். ஃபாக்ஸ்பி மரபணு பழுதானால் இன்னும் தாமதம். மீசன்பாக் குழுவின் 2014 ஆய்வு. அங்கே ஓடுவது கடிகாரம் அல்ல, ஆதாரம் சேர்கிறது.

தும்பி:
சரி, அந்த ஆதாரம் எங்கே சேர்கிறது? ஈயின் மூளையில் காளான் உடல் என்ற பகுதியிலுள்ள செல்களின் சவ்வு மின்னழுத்தத்தில். மீன்கொத்தி, வெடிப்பு கடைசிக் கட்டம் மட்டுமே. காம்கே-2ஐ அடங்கவிடாமல் வைத்தால் திருப்பமே வராமல் தள்ளிப்போகிறது. ஆறு நிமிடமும் நொதியின் கணக்கு.

மீன்கொத்தி:
எண்ணத் தொடங்கு என்று அந்த நொதிக்குச் சொல்வது யார்? இணைசேர்தல் ஆரம்பித்த செய்தி வேறு செல்களிடமிருந்துதானே வரவேண்டும்? அதற்குப் பதில் சொல்லுங்கள்.