பையனையோ பொண்ணையோ போன்ல எவனாவது மிரட்டினா என்ன பண்ணீங்க? அனுபவம் இருக்குறவங்க சொல்லுங்க

கோத்தகிரி கடைக்காரன்:
நான் கோத்தகிரில ஜெராக்ஸ், ரீசார்ஜ் கடை வச்சிருக்கேன். போன மழைல ஒரு அக்கா, எஸ்டேட்ல இலை எடுக்குறவங்க, போன நீட்டி "தம்பி, இதுல இருக்குற கேம் எல்லாத்தையும் அழிச்சு குடு, பையன் சோறே திங்க மாட்டேங்குறான்"னாங்க. பையன் பின்னாடி நிக்கிறான், மூஞ்சியே சரியில்ல. அக்காவ டீ குடிச்சிட்டு வாங்கன்னு அனுப்பிட்டு என்னடான்னு கேட்டேன், கொஞ்ச நேரம் தரையவே பாத்தான், அப்புறம் கொட்டிட்டான். ஃப்ரீ ஃபயர் மேக்ஸ்ல ஒருத்தன் அண்ணன் அண்ணன்னு பழகி, கேம்ல செலவு பண்ற டைமண்ட் வாங்கித் தரேன்னு டெலிகிராமுக்கு இழுத்துருக்கான், அங்க அனுப்பக்கூடாத போட்டோ ஒண்ண வாங்கிட்டு, இவனோட இன்ஸ்டா ஃபாலோயர் லிஸ்ட்ட ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் காட்டி காசு அனுப்பு இல்லேன்னா இவங்க எல்லாருக்கும் போகும்னு மிரட்டுறான்.

அக்கா சொன்ன மாதிரி அன்னைக்கு எல்லாத்தையும் அழிச்சிருந்தா ஆதாரமே போயிருக்கும். டெலிகிராம்ல அவன் பக்கம் டெலிட் பண்ணா நம்ம பக்கமும் போயிடும், அதனால முதல்ல மிரட்டல் மெசேஜ், யூசர்நேம், காசு கேட்ட யூபிஐ ஐடி எல்லாத்தையும் எடுத்து வைங்க. சீக்ரெட் சாட்னா ஆண்ட்ராய்டு போன்ல ஸ்கிரீன்ஷாட் விழாது, வேற போன்ல போட்டோ புடிங்க. அதுக்கப்புறம் பதிலே போடாதீங்க, காசும் குடுக்காதீங்க, ஒரு தடவ குடுத்தா அடுத்து கூடத்தான் கேப்பான். இன்னொண்ணு, புள்ளையோட அந்தப் போட்டோவ மாமாகிட்ட காட்டுறேன் சித்தப்பாகிட்ட காட்டுறேன்னு யாருக்கும் ஃபார்வர்ட் பண்ணிடாதீங்க, தகவல் தொழில்நுட்ப (ஐடி) சட்டம் 67பி-ல அதுவே குத்தம்.

அக்கா "ஸ்டேஷன் வாசல்ல நிக்க மாட்டேன், ஊரே பேசும்"னு ஒரே அழுகை. புள்ளைங்கள பாலியல் தொல்லைல இருந்து காப்பாத்துற போக்சோ சட்டத்துல, புள்ளைகிட்ட வாக்குமூலம் வாங்க வர்ற போலீஸ் யூனிஃபார்ம்ல வரக்கூடாது, வீட்லயே வாங்கலாம், பேர வெளிய விடக்கூடாதுன்னு இருக்குன்னு சொன்ன பிறகுதான் சரின்னாங்க. சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன்-ங்குற அரசாங்க சைட்ல புகார் போட்டோம். காசு போயிருந்தா சைபர் மோசடி ஹெல்ப்லைன் 1930-க்கு உடனே அடிக்கணும், இவன் நல்ல வேளை அனுப்பல.

குன்னூர் அம்மா:
அண்ணா, எங்க வீட்ல வேற கதை. எங்க பக்கம் பாதி வீட்ல அம்மா போன்தான் புள்ளைக்கும், ஐடி அம்மா பேர்ல, வயசும் அம்மா வயசு. இன்ஸ்டால 18 வயசுக்குக் கீழ உள்ளவங்களுக்கு தெரியாதவன் மெசேஜ் வராம தடுக்குற செட்டிங் தானா ஆன் ஆகும்னு சொல்றாங்கல்ல, எம்பொண்ணு யூஸ் பண்றது 38 வயசுக்காரி ஐடி, எங்க இருந்து ஆன் ஆகும்? வந்த மெசேஜ் எல்லாம் பாத்தா வயிறு எரிஞ்சுது. அவளுக்கு அவ வயசு போட்டு தனி ஜிமெயில் போட்டு, புள்ளைங்க போன பெத்தவங்க பாத்துக்குற கூகுளோட ஃபேமிலி லிங்க் ஆப்ல சேத்தேன். வாட்ஸப்ல யார் குரூப்ல சேக்கலாம்ங்குறத காண்டாக்ட்ஸ் மட்டும்னு மாத்துனேன். மூஞ்சத் தூக்கி வச்சிட்டுதான் இருந்தா, இருந்துட்டு போகட்டும்.

கூடலூர் சித்தி:
எங்க அக்கா பொண்ணுக்கு மார்ஃபிங் பண்ண போட்டோ. டேக் இட் டவுன்னு ஒரு சைட் இருக்கு, 18 வயசு ஆகுறதுக்கு முன்னாடி எடுத்த படத்துக்கு. நம்ம போன்ல இருந்து போட்டோ வெளிய போகாது, அந்த படத்துக்குன்னு ஒரு கோட் மட்டும் போகும், அந்த சைட்டோட சேந்துருக்குற கம்பெனிங்க அத வச்சு படத்த தூக்குவாங்க. வாட்ஸப்ல சுத்துறதுக்கு இது வேலைக்கு ஆகாது. பேச ஆள் வேணும்னா குழந்தைங்க ஹெல்ப்லைன் 1098, ராத்திரியும் எடுக்குறாங்க.

கொடைக்கானல்காரர்:
பேர் சொல்லாம புகார் குடுக்க முடியுமா?

கோத்தகிரி கடைக்காரன்:
நான் சொன்ன சைபர்கிரைம் சைட்ல குழந்தைங்க சம்பந்தப்பட்டதுக்கு பேர் இல்லாம போடுற வழி இருக்குண்ணே, ஆனா அப்படி போட்டா அப்புறம் அது என்ன ஆச்சுன்னு பாக்க முடியாது. உங்க வீட்டு புள்ளைன்னா நம்பர் குடுத்தே போடுங்க, அப்பதான் உங்களுக்கு திரும்ப கூப்பிடுவாங்க.