லேப்பிங்: ‘துகளிழைப்பு’ என்னும் சொல்லுக்கான முன்மொழிவு

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

வீட்டுப் பட்டறையில் சிறு எஞ்சின்கள் செய்வோர் ஓயாமல் புழங்கும் ‘லேப்பிங்’ (lapping, அரிக்கும் நுண்பொடியால் உலோகப் பரப்பைத் துல்லியமாகச் சீராக்குதல்) என்ற சொல்லுக்கு ஈடாக ‘மெருகேற்றல்’, ‘தேய்ப்பு’, ‘உரைப்பு’ ஆகிய மூன்று சொற்கள் இதுவரை முன்வைக்கப்பட்டுள்ளன. மூன்றையும் ஏற்க எனக்குத் தயக்கம் உண்டு. அந்த வேலையில் என்ன நடக்கிறது என்பதை முதலில் விரித்துச் சொல்லிவிட்டால் தயக்கத்தின் காரணமும் விளங்கும்.

பிஸ்டனில் வளையம் இல்லாத சிறு டீசல் எஞ்சினை எடுத்துக்கொள்வோம். எரிபொருள் தானாகப் பற்றிக்கொள்ளத் தேவையான அழுத்தம் கசியாமல் நிற்பது, வார்ப்பிரும்புப் பிஸ்டனும் எஃகுச் சிலிண்டரும் ஒன்றோடொன்று பொருந்தும் பொருத்தத்தால்தான். லேத்தில் (கடைசல் பொறியில்) போரிங் செய்து, அதாவது உள்ளே குடைந்து பெரிதாக்கி, முடித்த துளையின் சுவரில் வெட்டுளியின் நுண்வரிகள் எஞ்சியிருக்கும். துளை ஒரு முனையில் சற்றே குறுகியும் இருக்கலாம். அவற்றைச் சீராக்க, சிலிண்டரைவிட மென்மையான அலுமினியத்திலோ பித்தளையிலோ செம்பிலோ ஒரு கோலைக் கடைந்து, நீளவாக்கில் பிளந்து, கூம்புத் திருகு ஒன்றால் சிறிது சிறிதாக விரியும்படி அமைக்கிறோம். எண்ணெயில் குழைத்த சிலிக்கன் கார்பைடு பொடியைக் கோலின்மேல் தடவி, மெதுவாகச் சுழலும் அக்கோலின்மீது சிலிண்டரைக் கையில் பிடித்து முன்னும் பின்னும் ஓட்டுகிறோம். பொடி மென்மையான கோலில் பதிந்து நிலைகொண்டு, கடினமான சிலிண்டரை அரிக்கிறது. சிலிண்டர் கோலைவிட மென்மையாக இருந்துவிட்டால் பொடி சிலிண்டரிலேயே குடியேறி, எஞ்சின் ஓடும்போது பிஸ்டனைத் தின்னத் தொடங்கிவிடும்.

துளை குறுகியிருக்கும் இடத்தில் சிலிண்டர் கையைப் பிடித்து இழுக்கும். அந்த இடத்தில் சற்றுக் கூடுதலாக ஓட்ட வேண்டும். ஆனால் நிறுத்திவிடக் கூடாது, நிறுத்தினால் அங்கே வளையமாகத் தடம் விழும். 400 எண் பொடியில் தொடங்கி 600, 800 என்று மேலும் நுண்ணிய பொடிகளுக்குச் செல்லும்போது, ஒவ்வொரு மாற்றத்துக்கும் முன்பு பழைய பொடியைத் துளிகூட விடாமல் கழுவி எடுப்பதும், கோலையே மாற்றிவிடுவதும் நல்லது. அளப்பதற்கு முன் சிலிண்டர் ஆறவும் வேண்டும். 20 மி.மீ. விட்டமுள்ள எஃகுத் துளை 10 பாகை செல்சியஸ் சூடேறினால் ஏறக்குறைய 2.4 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) விரிந்துவிடுகிறது. நாம் தேடும் இடைவெளியே சில மைக்ரான்தான் என்பதால், சூட்டோடு எடுத்த அளவை நம்ப முடியாது.

இனி சொற்களுக்கு வருகிறேன். மெருகேற்றலின் நோக்கம் பளபளப்பு. இந்த வேலையின் நோக்கமோ வடிவம்: துளை வட்டமாகவும், நெடுக ஒரே அளவாகவும் அமைய வேண்டும். சரியாகச் செய்த துளையின் சுவர் மின்னுவதில்லை. மங்கிய சாம்பல் நிறத்தில், ஒன்றையொன்று குறுக்கிடும் மெல்லிய கோடுகளுடன் இருக்கும். மின்னும் வரை தேய்க்க வேண்டும் என்று புதியவர் எண்ணிவிட்டால், சொல்லே அவரைத் தவறான வழியில் இட்டுச்செல்லும். ‘தேய்ப்பு’ என்பதில் வேறு வகை இடர் இருக்கிறது. தேய்த்த சிலிண்டர் என்றால் பக்குவமாக முடித்த சிலிண்டர், தேய்ந்த சிலிண்டர் என்றால் தூக்கி எறிய வேண்டிய சிலிண்டர்; எதிரெதிரான இரண்டு நிலைகளை ஓர் எழுத்தின் வேறுபாட்டில் நிறுத்துவது தொழில்நுட்ப எழுத்துக்கு ஆகாது. ‘உரைப்பு’ உரைகல்லையும் சோதனையையும் நினைவூட்டுவதால் அதை விட்டுவிடலாம்.

என் முன்மொழிவு ‘துகளிழைப்பு’. சந்தனம் இழைத்தல் என்று நாம் சொல்லும்போது, இரண்டு பரப்புகள் குழைவான ஒரு பொருளை நடுவில் வைத்துக்கொண்டு நிதானமாக உரசுவது கண்முன் வருகிறது. அங்கே கல் கடினமானது, கட்டைதான் கரைகிறது, லேப்பிங்கில் நிலைமை தலைகீழ் என்று நண்பர் ஒருவர் எழுதியது உண்மைதான். எனினும் அசைவும் குழைவும் பொறுமையும் பொதுவாக இருக்கின்றன. சொல்லுக்கு அதுவே போதும் என்பது என் கருத்து. மரத்தை இழைப்புளியால் இழைப்பதோடு குழம்பிவிடும் என்ற மறுப்பு இதைவிட வலுவானது. ‘இழைப்பு’ என்று மட்டும் சொல்லாமல் ‘துகள்’ என்ற அடையைச் சேர்ப்பது அதனால்தான்: அங்கே வெட்டுவது உளி, இங்கே வெட்டுவது துகள். ‘குருந்திழைப்பு’ என்பதையும் எண்ணிப் பார்த்தேன். அலுமினியம் ஆக்சைடு கனிமத்துக்கு உலகம் வழங்கும் ‘கொரண்டம்’ (corundum) என்ற பெயரே நம் குருந்தத்திலிருந்து சென்றது என்பதால் அந்தச் சொல்மேல் எனக்குப் பற்று உண்டு. ஆனால் சிலிக்கன் கார்பைடும் வைரப்பொடியும் இந்த வேலையில் பயன்படுவதால், எல்லாவற்றுக்கும் பொதுவான ‘துகள்’ என்பதே பொருந்துகிறது.

இச்சொல்லிலிருந்து மற்றவை எளிதாகக் கிளைக்கின்றன. துளைக்குள் செல்லும் கருவி இழைகோல்; பிஸ்டனின் வெளிப்புறத்தைச் சூழ்ந்து நிற்பது இழைவளையம்; சமதளப் பரப்புக்கு உதவுவது இழைதட்டு. எண்ணெயும் பொடியும் சேர்ந்த கலவையை இழைகுழம்பு என்றும், பொடியைக் கருவியில் பதிய வைப்பதைத் துகளேற்றல் என்றும் சொல்லலாம். “சிலிண்டரை 600 எண் துகளால் இழைத்தேன்” என்ற வாக்கியத்தைப் பட்டறையில் யாரும் தயங்காமல் பேச முடியும்.

வால்வையும் அதன் இருக்கையையும் குழம்பு தடவி ஒன்றோடொன்று உரசிப் பொருத்துவதும் லேப்பிங் என்றே அழைக்கப்படுகிறது. அங்கே தனிக் கருவி இல்லை. இரண்டு உறுப்புகளும் ஒன்றையொன்று அரித்துக்கொள்கின்றன. ஆகவே அதற்கு ‘இணையிழைப்பு’ என்று தனிப்பெயர் வேண்டும். பிஸ்டனையும் சிலிண்டரையும் குழம்பு தடவி நேரடியாக ஒன்றோடொன்று உரசிவிடாமல், ஒவ்வொன்றையும் அதற்குரிய கருவியால் தனித்தனியே இழைக்கச் சொல்லும்போது இந்த வேறுபாடு பெரிதும் உதவும்.

துளையைச் சீராக்கும் இன்னொரு வேலையான ஹோனிங்கில் (honing) துகள் தளர்வாக இல்லாமல் கல்லாகப் பிணைக்கப்பட்டிருக்கிறது. அதைக் ‘கல்லிழைப்பு’ என்று வைத்துக்கொண்டால் இரண்டும் ஓரினச் சொற்களாக நிற்கும். வேகமாகச் சுழலும் சக்கரத்தால் செய்யும் கிரைண்டிங்குக்குச் ‘சாணையிடல்’ ஏற்கெனவே இருக்கிறது. ‘கல்லிழைப்பு’ என்பது கல்லை இழைப்பதாகப் பொருள்படுமோ என்ற ஓர் ஐயம் மட்டும் எனக்கு இன்னும் தீரவில்லை. அதற்கு இதைவிடத் தெளிவான சொல் தோன்றுவோர் எழுதினால் மகிழ்வேன்.