பழைய எல்லைக்கோட்டைச் சாகசத்தை ஐந்தாம் பதிப்பு விதிகளில் நடத்துவது எப்படி?

கோத்தகிரி பகடை:

அனைவருக்கும் வணக்கம். கோத்தகிரியில் நண்பர்கள் நால்வருக்கு நான் டன்ஜன் மாஸ்டராக (கதையையும் விதிகளையும் நடத்துபவராக) இருந்து, ஞாயிறு மாலைகளில் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற, கதாபாத்திரங்களாகப் பகடை உருட்டி ஆடும் விளையாட்டை நடத்தி வருகிறேன். எங்கள் பக்கம் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில்தான் மழை வலுக்கும். வெளியே தலைகாட்ட முடியாத அந்த மாலைகளுக்காக நீண்ட கேம்ப்பெயின் (பல மாலைகள் தொடரும் ஆட்டம்) ஒன்றைத் தொடங்க எண்ணியுள்ளேன். கேரி கைகாக்ஸ் எழுதிய 'தி கீப் ஆன் தி பார்டர்லேண்ட்ஸ்' என்ற பழைய மாட்யூலை, அதாவது ஒரு கோட்டையையும் அருகிலுள்ள குகைகளையும் களமாகக் கொண்ட ஆயத்தச் சாகச நூலைத் தேர்ந்தெடுத்திருக்கிறேன். நண்பர்களுக்கோ 2014இல் வெளிவந்த ஐந்தாம் பதிப்பு விதிகள் மட்டுமே தெரியும். புதிதாக ஒரு விதிநூலைப் படிக்கச் சொல்லி அவர்களைச் சிரமப்படுத்த எனக்கு மனமில்லை.

என் ஐயம் இதுதான். மாட்யூலில் உள்ள எண்களை ஒவ்வொன்றாகக் கணக்கிட்டு மாற்ற வேண்டுமா, அல்லது அதே பெயருள்ள உயிரினங்களைப் ஐந்தாம் பதிப்பின் உயிரினத் தொகுப்பு நூலான மான்ஸ்டர் மேனுவலிலிருந்து எடுத்து வைத்தால் போதுமா? அதைவிட முக்கியமாக, குகைக்குள் காலெடுத்து வைக்கும்போது இருக்க வேண்டிய அச்சமும், சண்டையைத் தவிர்த்து வெளியேறிவிடலாமா என்று யோசிக்கும் தயக்கமும் புதிய விதிகளில் நிலைக்குமா? நடத்திப் பார்த்தவர்கள் விரிவாக எழுதினால் மிகவும் உதவியாக இருக்கும்.

குன்னூர் மலைப்பாதை:

வணக்கம் தம்பி. நல்ல மாட்யூலைத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள். எண்களை மாற்றும் வேலையில் இறங்காதீர்கள் என்பதே என் முதல் ஆலோசனை. பழைய ஆர்மர் கிளாஸில் (ஒருவர் மீது அடி விழுவது எவ்வளவு கடினம் என்று காட்டும் எண்ணில்) எண் குறையக் குறையப் பாதுகாப்பு கூடும் என்பதால், அதை 20இலிருந்து கழித்துப் புதிய எண்ணைப் பெறும் வழியைப் பலரும் சொல்வார்கள். அப்படிக் கணக்கிட்டால் காப்ளின் என்ற சிறு பூதத்தின் பழைய எண்ணான 6 என்பது 14 ஆகிறது. ஐந்தாம் பதிப்பிலோ அது 15. இவ்வளவு நெருங்கி வருகிறதே என்று தோன்றும். ஆனால் பழைய காப்ளினுக்குச் சராசரியாக மூன்று, நான்கு ஹிட் பாயின்ட் (சேதத்தைத் தாங்கும் அளவு). புதியதற்கு 7, அதோடு அடித்துவிட்டு ஓடி ஒளிந்துகொள்ளும் திறனும் உண்டு. வீரர்களின் தாக்கும் வலுவும் வேறு அளவில் வளர்ந்துவிட்டது. ஒரு பக்கத்தை மட்டும் கணக்கிட்டு மாற்றினால் மறுபக்கம் பொருந்தாது. ஆகவே உயிரினங்களைப் புதிய நூலிலிருந்தே எடுங்கள்.

மாட்யூலிலிருந்து நீங்கள் அப்படியே கொண்டுவர வேண்டியவை வேறு: வரைபடம், எந்தக் குகையில் யார் வசிக்கிறார்கள், யாருக்கு யார் மீது பகை, செல்வம் எங்கே எவ்வளவு கிடக்கிறது. இவற்றில் கை வைக்காதீர்கள். காப்ளின்கள் ஆபத்து வந்தால் 250 பொற்காசுகள் கொண்ட பையை ஓகர் என்ற பேருருவ உயிரினத்திடம் எறிந்து, அதைத் துணைக்கு அழைக்கும் ஓர் ஏற்பாடு அந்தக் குகைகளில் இருக்கிறது. இதை ஒரு கைதியிடமிருந்து உங்கள் நண்பர்கள் தெரிந்துகொண்டால், அவர்களே கூடுதல் விலை பேசி அந்த ஓகரைத் தங்கள் பக்கம் இழுக்கலாம். அந்தப் பள்ளத்தாக்கு முழுவதும் இத்தகைய உறவுகளும் பகைகளும்தான். அவற்றைக் கண்டுபிடித்துப் பயன்படுத்துவதே அங்கு உண்மையான விளையாட்டு.

அடுத்து, நீங்கள் கேட்ட அச்சத்துக்கு வருகிறேன். அது பழைய எண்களிலிருந்து பிறந்ததன்று. அனுபவப் புள்ளிகள் எதற்குக் கிடைத்தன என்பதிலிருந்து பிறந்தது. பழைய விதியில் வெளியே கொண்டுவந்து சேர்க்கும் ஒவ்வொரு பொற்காசுக்கும் ஒரு புள்ளி. உயிரினங்களைக் கொன்றதற்குக் கிடைப்பது மிகச் சொற்பம். அதனால் குகைக்குள் நுழைபவர் எவரை வீழ்த்துவது என்று சிந்திக்க மாட்டார், எதை எப்படி வெளியே கொண்டுவருவது என்றே சிந்திப்பார். ஐந்தாம் பதிப்பில் புள்ளிகள் பெரும்பாலும் சண்டையிலிருந்து வருவதால், அதே குகை, அதே ஓர்க்குகள் (முரட்டுப் போர் இனம்) இருந்தும் ஆட்டம் அறை அறையாக வெட்டிச் செல்வதாக மாறிவிடுகிறது. எனவே பொற்காசுக்குப் புள்ளி என்ற விதியைத் திரும்பக் கொண்டுவாருங்கள். பழைய ஃபைட்டருக்கு (போர்வீரர் வகைக் கேரக்டருக்கு) இரண்டாம் லெவலை எட்ட 2,000 புள்ளி தேவை. இன்று 300 போதும். அது ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு என்பதால், ஏழு காசுக்கு ஒரு புள்ளி என்று வைத்து, கொலைக்குப் புள்ளியே இல்லை என்று முதல் நாளே அறிவித்துவிடுங்கள். இந்த ஒரு மாற்றத்தைச் செய்தாலே நண்பர்கள் பேசவும் பதுங்கவும் பேரம் நடத்தவும் தொடங்குவதைக் காண்பீர்கள்.

எதிரிகளின் மன உறுதியைச் சோதிக்கும் மொரேல் விதியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1981ஆம் ஆண்டு பேசிக் (தொடக்கநிலை) விதிகளில் அந்த மன உறுதி எண் கோபோல்டு என்ற குட்டி உயிரினத்துக்கு 6, காப்ளினுக்கு 7, ஓர்க்குக்கு 8, ஓகருக்கு 10. அவர்கள் தரப்பில் முதல் ஆள் விழுந்ததும் ஒருமுறை, பாதிப் பேர் விழுந்ததும் ஒருமுறை, இரண்டு ஆறுமுகப் பகடைகளை உருட்டுங்கள். கூட்டுத்தொகை அந்த எண்ணைத் தாண்டினால் அவர்கள் ஓடுவார்கள் அல்லது சரணடைவார்கள். புதிய விதிகளோடு இது எங்கும் மோதுவதில்லை.

கொடைக்கானல் வாசகி:

குன்னூர் அண்ணன் எழுதியதில் பொற்காசு பற்றிய பகுதியை முழுமையாக ஏற்கிறேன். ஆனால் உயிரினங்களைப் புதிய நூலிலிருந்து அப்படியே எடுத்தால் போதும் என்பதில் எனக்கு உடன்பாடில்லை. இதைக் கவனிக்காமல் தொடங்கினால் முதல் மாலையிலேயே உங்கள் குழு அழிந்துவிடும்.

பழைய ஓகருக்குச் சராசரியாக 19 ஹிட் பாயின்ட், ஓர் அடிக்கு 1 முதல் 10 வரை சேதம். ஐந்தாம் பதிப்பு ஓகருக்கு 59 ஹிட் பாயின்ட், ஓர் அடிக்குச் சராசரியாக 13 சேதம். முதல் லெவல் விஸார்டின் (மந்திரவாதியின்) உச்ச அளவு 7 ஹிட் பாயின்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். 14 சேதம் விழுந்தால் டெத் சேவ் (உயிர் பிழைப்பதற்கான பகடை) உருட்டவும் வாய்ப்பின்றி அவர் அங்கேயே இறந்துவிடுவார். ஓர்க்கும் அப்படியே: பழைய நூலில் நான்கைந்து ஹிட் பாயின்ட், 2014 நூலில் 15, கையில் பெரிய கோடரி. இதற்கு மேல், மாட்யூல் ஆறு முதல் ஒன்பது கேரக்டர்களை மனத்தில் கொண்டு எழுதப்பட்டது, உங்களிடம் நால்வர்தான்.

ஆகையால் உயிரினங்களின் எண்ணிக்கையைக் குறைப்பதற்குப் பதிலாக அவற்றின் ஹிட் பாயின்டைக் குறையுங்கள் என்பேன். கூட்டம் பெரியதாகவே இருக்க வேண்டும், ஏனெனில் நேருக்கு நேர் மோத முடியாது என்று தோன்றச் செய்வது அந்தக் கூட்டம்தான். ஓர்க்குக்கு ஏழெட்டு, ஓகருக்கு முப்பது என்று வைத்தால், நன்கு திட்டமிட்ட ஒரு பதுங்குத் தாக்குதல் பலன் தரும். திட்டமின்றிப் பாய்ந்தால் தண்டனையும் கிடைக்கும். கூடவே, கோட்டையில் கூலிக்கு ஆள் அமர்த்திக்கொள்ளும் பழைய வழக்கத்தை அனுமதியுங்கள். விளக்குப் பிடிக்க ஒருவர், ஈட்டியோடு இருவர் என்று சேர்ந்தால் குழு ஏழாகிவிடும்.

ஒரு தகவலையும் சொல்லிவிடுகிறேன். 2025இல் வந்த புதிய மான்ஸ்டர் மேனுவலில் ஓர்க்குக்கெனத் தனிப் பக்கம் கிடையாது. எனவே 2014 நூலைக் கைவசம் வைத்திருங்கள். விலை கொடுத்து வாங்க விரும்பினால், குட்மேன் கேம்ஸ் நிறுவனம் 2018இல் இந்த மாட்யூலை ஐந்தாம் பதிப்புக்கு மாற்றி, பழைய பக்கங்களையும் சேர்த்து வெளியிட்ட பெரிய தொகுப்பு இருக்கிறது. எனினும், நீங்களே மாற்றி எழுதும்போதுதான் ஒவ்வோர் அறையும் மனத்தில் பதியும்.

கோத்தகிரி பகடை:

இருவருக்கும் மிக்க நன்றி. ஹிட் பாயின்டைக் குறைத்து எண்ணிக்கையைத் தக்கவைப்பது என்று முடிவு செய்துவிட்டேன். இன்னும் இரண்டு கேள்விகள் எஞ்சியிருக்கின்றன. ஓர் இரவு உறங்கினாலே எல்லாக் காயமும் ஆறிவிடும் விதியை என்ன செய்வது? நால்வரில் மூவருக்கு இருளில் பார்க்கும் டார்க்விஷன் இருக்கிறது; பந்தத்துக்கும் விளக்கில் ஊற்றும் எண்ணெய்க்கும் இனி என்ன மதிப்பு?

உதகை மூடுபனி:

முதல் கேள்விக்கு 2014 டன்ஜன் மாஸ்டர் கையேட்டிலேயே ஒரு மாற்று விதி இருக்கிறது: ஓரளவு மட்டும் மீளும் குறு ஓய்வுக்கு எட்டு மணி நேரம், முழுமையாக மீளும் நெடு ஓய்வுக்கு ஏழு நாள். பழைய விதியில் நாள் முழுவதும் ஓய்வெடுத்தாலும் ஒன்று முதல் மூன்று ஹிட் பாயின்ட்தான் திரும்பும் என்பதால், அந்த நிதானம் இதில் ஓரளவு வந்துவிடும். ஆனால் ஏழு நாள் என்பது ஸ்பெல்களை (மந்திரங்களை) நம்பியிருப்பவர்களை மிகவும் முடக்குகிறது. கோட்டை மதிலுக்குள் உறங்கினால் மட்டுமே நெடு ஓய்வு, குகைக்கு அருகில் எங்கு படுத்தாலும் குறு ஓய்வு என்று வைத்துக்கொள்வதையே நான் பரிந்துரைக்கிறேன். ஒவ்வொரு முறை கோட்டைக்குத் திரும்பும்போதும் குகையில் காவல் கூடட்டும், செல்வத்தில் ஒரு பகுதி இடம் மாறட்டும். அப்போது திரும்புவதா, தொடர்வதா என்பது கனமான முடிவாகும்.

டார்க்விஷனைப் பலரும் தவறாக நடத்துகிறார்கள். முழு இருளை அது மங்கலான ஒளியாகத்தான் காட்டும்; மங்கலான ஒளியில் கண்ணால் கவனிக்கும் பெர்செப்ஷனுக்கு டிஸ்அட்வான்டேஜ் (இருமுறை உருட்டிக் குறைந்த எண்ணை ஏற்பது) உண்டு, உருட்டாமலே கவனிப்பதற்கான பாஸிவ் மதிப்பில் ஐந்து குறையும். கோபோல்டு குகையின் வாயிலிலேயே பத்தடி ஆழமுள்ள மூடிய குழி ஒன்று இருக்கிறது அல்லவா? அதைக் கண்டுபிடிக்க 12 வேண்டும் என்று வையுங்கள். முன்னால் நடப்பவரின் பாஸிவ் மதிப்பு 14. பந்தம் ஏந்தி வந்தால் குழியின் விளிம்பைப் பார்த்து நின்றுவிடுவார். இருளை நம்பி வந்தால் 9 ஆகிவிடும், மூடி அவர் காலடியில் திறந்துகொள்ளும். விதியை எதுவும் திருத்தாமலே பந்தத்துக்கு மதிப்பு திரும்பிவிடுகிறது. ஆனால் பந்தம் எரிந்தால் எதிரிகளுக்கும் தெரியும். இந்த இக்கட்டை முதல் குகையிலேயே உணர்த்திவிடுங்கள்.

மற்றொன்று, நீங்கள் கேட்காதது. நிலத்தை நம் மலைகளைப் போல அமைத்துப் பாருங்கள். புல்வெளி மேடுகளும், மடிப்புகளில் மட்டும் அடர்ந்து நிற்கும் சோலைக்காடும் அந்தக் குகைப் பள்ளத்தாக்குக்கு அவ்வளவு பொருந்துகின்றன. திறந்த புல்வெளியில் குழுவைத் தொலைவிலிருந்தே பார்த்துவிடலாம், சோலைக்குள் இறங்கினால் பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியாது. பிற்பகலில் மூடுபனி ஏறினால் அடர் மறைப்புக்கான விதியை அப்படியே பயன்படுத்துங்கள்: பனிக்குள் இருப்பதைப் பார்க்க முடியாது, தெரியாத எதிரி மீது வில் எய்தால் டிஸ்அட்வான்டேஜ். நண்பர்கள் மதியத்துக்குள் குகையை அடைந்துவிட வேண்டும் என்று தாங்களே திட்டமிடுவார்கள், ஏனெனில் தொட்டபெட்டா சரிவில் பிற்பகல் எப்படியிருக்கும் என்பதை அவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அன்றைய பனி எத்தனை மணிக்கு ஏறும் என்பதை மட்டும் ஒவ்வொரு செஷனுக்கும் முன்பே உருட்டிக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். ஆட்டத்தின் நடுவில் முடிவு செய்தால் அவர்களுக்கு எதிராக நீங்கள் செய்ததாகத் தோன்றிவிடும்.