நெடுவலுக்கு டிபென்ஸ் ஏறுதில்லை, பஸர்பீற்றர் விளையாடுற ஆக்கள் ஒருக்காப் பாத்துச் சொல்லுங்கோ

திருநெல்வேலிப் பெடியன்
வணக்கம் அண்ணாமார், அக்காமார். பஸர்பீற்றர் எண்ட இணையக் கூடைப்பந்து மனேஜர் விளையாட்டில, புதுப் பெடியளை எடுக்கிற ட்ராப்டில எனக்கு ரெண்டு பெடியள் அம்பிட்டவங்கள். கட்டையானவனைக் கட்டையன் எண்டும் உயரமானவனை நெடுவல் எண்டும் சொல்லுறன். ரெண்டு பேருக்கும் 18 வயசு. பொட்டென்ஷியலும் (எவ்வளவு தூரம் வளரலாம் எண்ட அளவு) ஒண்டு, ஆல்ஸ்டார். வரேக்கை ரெண்டு பேற்ற அவுட்சைட் டிபென்சும் (வெளியில நிண்டு விளையாடுறவனைத் தடுக்கிற திறமை) 5. இவங்களோட 19 வயசில இன்னொருத்தனையும் சேர்த்து, பொயின்ற் காட் (பந்தைக் கொண்டுவாறவன்) பொசிசனுக்கு மட்டும் டிபென்ஸ் பயிற்சி போட்டு வாறன். கட்டையன் இப்ப 7. 19 வயசுக்காரனும் ஒண்டு ஏறிட்டான். நெடுவல் மட்டும் அசையாமல் 5இலயே நிக்கிறான். மூண்டு பேரும் கிழமைக்கு 48 நிமிசத்துக்கு மேல விளையாடுறாங்கள். ரெயினரும் எல்லாருக்கும் ஒரே ஆள்தானே? நெடுவலை வித்துப்போட்டு வேற ஒருத்தனை எடுப்பமோ எண்டு யோசிக்கிறன். ரியூசனில இருந்தாலும் மண்டைக்குள்ள இதுதான் ஓடுது.

சுன்னாகம் சென்ரர்
விக்கிற கதையை முதல் விடும். பெடியளின்ர உயரம் என்ன? "48க்கு மேல" எண்டு சொல்லுறது மொத்த நிமிசமோ, இல்லாட்டிப் பொயின்ற் காட்டில நிண்டது மட்டுமோ? பொசிசன் பொசிசனாப் பிரிச்சுப் போடும்.

திருநெல்வேலிப் பெடியன்
கட்டையன் 185 செ.மீ., 19 வயசுக்காரன் 190, நெடுவல் 206. போன கிழமைக் கணக்கு இது:
கட்டையன்: பொயின்ற் காட் 51
19 வயசு: பொயின்ற் காட் 49
நெடுவல்: பொயின்ற் காட் 29, ஸ்மோல் போர்வேட் 27
நெடுவலுக்கு மொத்தம் 56 வருது. அப்ப காணும்தானே அண்ணை?

சுன்னாகம் சென்ரர்
காணாது. எந்தப் பொசிசனுக்குப் பயிற்சி போட்டீரோ, அதில நிண்ட நிமிசம்தான் கணக்கு. போர்வேட்டில ஓடின 27 நிமிசமும் டிபென்ஸ் பயிற்சிக்குச் சேராது. முழுப் பயிற்சிக்கு 48 வேணும், அவனுக்குக் கிடைச்சது 29. சட்டியில இருந்தால்தானே அகப்பையில வரும்.

இன்னொண்டையும் கூட்டிப் பாரும். கிழமைக்கு மூண்டு மட்ச்: லீக் ரெண்டு, சிநேகபூர்வ ஆட்டம் ஒண்டு. மட்ச் ஒண்டு 48 நிமிசம். ஒரு பொசிசனுக்கு மட்டும் பயிற்சி எண்டால் உம்மட கையில இருக்கிறது 144 நிமிசம். மூண்டு பெடியளுக்கு அச்சொட்டாக் காணும், ஒரு நிமிசமும் மிஞ்சாது. உம்மட கணக்கில 51, 49, 29. கூட்டினால் 129. மிச்சம் 15 நிமிசமும் ஆருக்குப் போனது?

திருநெல்வேலிப் பெடியன்
32 வயசில ஒரு பழைய காட் நிக்கிறான் அண்ணை. பேக்கப் வரிசையில அவன்ர பேர்தான். நல்லாப் பாஸ் பண்ணுவான். லீக்கில கீழ இருக்கிறம், அதுதான் அவனை எடுக்கப் பயம்.

சுன்னாகம் சென்ரர்
32 வயசுக்காரனுக்குப் பயிற்சி குடுத்து என்ன பலன்? 18இல ஏறுற வேகம் ஒவ்வொரு வயசுக்கும் குறைஞ்சுகொண்டு போகும், அவனுக்கு ஒண்டும் ஏறாது. அவனை ஷூட்டிங் காட்டுக்குத் தள்ளும். பாஸ் அங்கயிருந்தும் போடுவான்.

கொக்குவில் அக்கா
நிமிசக் கணக்கு சரி. ஆனா தம்பி, 5 எண்டு காட்டுது எண்டதுக்காக ஒண்டுமே ஏறேல்லை எண்டு நினைக்காதேங்கோ. உள்ளுக்குள்ள அது தசமத்திலதான் ஏறும், எங்களுக்குத் தெரியிறது முழு எண் மட்டும். கட்டையன் வரேக்கையே 5.8இல நிண்டிருக்கலாம், நெடுவல் 5.1இல. ரெண்டும் திரையில 5தான். கட்டையன்ர முதல் ஏத்தம் பாதி பயிற்சியால, பாதி அவன்ர அதிஷ்டத்தால. அதைப் பாத்து நெடுவலை மட்டம் தட்டுறது நியாயமில்லை.

பெரிய விசயம் உயரம். 206 செ.மீ. பெடியனுக்கு டிபென்ஸ், ஹாண்ட்லிங் (பந்தைக் கையாளுறது), பாஸிங் மாதிரி வெளித் திறமை எல்லாம் மெல்லமாத்தான் ஏறும். ரிபவுண்ட், இன்சைட் ஷொட், ஷொட் புளொக் கெதியா ஏறும். 185க்காரனுக்கு நேர்மாறு. நிமிசம் சரிசமனாக் குடுத்தாலும் இந்த வித்தியாசம் போகாது. உந்த விளையாட்டில பெடியள் வளரவும் மாட்டாங்கள், ட்ராப்டில வந்த உயரம்தான் கடைசி வரைக்கும். நான் எண்டால் இண்டைக்கே அவனை வலைக்குக் கிட்ட நிக்கிற சென்ரர் ஆக்குவன்.

பருத்தித்துறை பாஸர்
அக்கா சொல்லுறதோட நான் ஒத்துப்போகமாட்டன். அமெரிக்க என்.பி.ஏ. ஆட்டக்காரன் மஜிக் ஜோன்சன் 206 செ.மீ.தான், பொயின்ற் காட்தான். 1980 என்.பி.ஏ. பைனல்ஸ் ஆறாவது மட்சில அணியின்ர சென்ரர் கரீமுக்குக் கால் ஏலாமல் போக, 20 வயசுப் பெடியன் சென்ரராத் தொடங்கி 42 பொயின்ற், 15 ரிபவுண்ட். நெட்டையனைச் சென்ரர்தான் எண்டு சின்ன வயசிலயே முத்திரை குத்தாதேங்கோ.

கொக்குவில் அக்கா
தம்பி, மஜிக் ஜோன்சன் சமன்பாட்டுக்குள்ள வளரேல்லை. நிசத்துக்கு வந்தால் எங்கட தர்ஜினி சிவலிங்கத்தை எடுங்கோவன். 208 செ.மீ. வலைப்பந்தில அவவைக் கோல் ஷூட்டரா வலைக்குக் கீழ விட்டபடியால்தான் 2018இல இலங்கை ஆசியக் கிண்ணம் எடுத்தது. உயரத்துக்கேத்த இடத்தில ஆளை விட்டதுக்கு அதைவிட என்ன சாட்சி வேணும்?

பருத்தித்துறை பாஸர்
அது வலைப்பந்து அக்கா, பந்தோட ஓடவே விடமாட்டினம். சரி, மஜிக்கை விடுங்கோ, இந்த விளையாட்டின்ர கணக்கிலயே சொல்லுறன். டிபென்சும் ஹாண்ட்லிங்கும் இல்லாத சென்ரரைச் சந்தையில கிலோக்கணக்கில வாங்கலாம். கொஞ்சம் வெளித் திறமையோட வாற உயரமானவனுக்குத்தான் விலை, 21 வயசுக்குட்பட்ட தேசிய அணிக்காரரும் அப்பிடி ஆளைத்தான் தேடுவினம். வெளித் திறமை மெல்லமா ஏறும் எண்டபடியால்தான் அதை 18, 19இலயே குடுக்கவேணும். ரிபவுண்ட் 22 வயசிலயும் ஏறும், அவன்ர உயரம் இழுத்துக்கொண்டு போகும். 22 வயசில 206க்காரனுக்கு டிபென்ஸ் ஏத்த வெளிக்கிட்டால் கிழமைக்கணக்கா வாயைப் பாத்துக்கொண்டு இருக்கவேண்டியதுதான்.

திறமையள் ஒண்டையொண்டு இழுக்கிறதும் இருக்கு. தொடர்புள்ள மற்றத் திறமையள் அடியில கிடந்தால் ஏத்தின திறமையும் நொண்டும்.

சுன்னாகம் சென்ரர்
ரெண்டு பேற்ற கதையிலயும் நியாயம் இருக்கு. ஆனா அணி எந்த நிலையில நிக்குது எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை. லீக்கில கீழ நிக்கிற பெடியன் 206க்காரனைப் பொயின்ற் காட்டில விட்டு ரெண்டு லீக் மட்சும் விளையாடினால் கீழ் லீக்குக்குத்தான் போவான். பந்தைக் கொண்டுவாறவனுக்கு ஹாண்ட்லிங் இல்லாட்டி ஒவ்வொரு முறையும் பந்து பறிபோகும்.

அதனால இப்பிடிச் செய்து பாரும். நெடுவலைச் சிநேகபூர்வ ஆட்டத்துக்கு மட்டும் பொயின்ற் காட்டில விடும். ஸ்ராட்டர், பேக்கப், ரிசேர்வ் மூண்டு வரிசையிலயும் அவன்ர பேரையே போடும். மாத்த ஆளில்லை எண்டால் 48 நிமிசமும் அவன்தான். தோத்தாலும் ஒருத்தரும் கேக்கமாட்டினம். ரெண்டு லீக் மட்சையும் மற்ற ரெண்டு பேரும் பிரிச்சு எடுக்கட்டும். அவங்கள் எப்பிடியும் காட்தானே.

திருநெல்வேலிப் பெடியன்
இது நல்ல யோசினை அண்ணை. ஆனா ஒரே மட்சில 48உம் நிண்டு ஆறு பவுல் எடுத்திட்டால்? நெடுவல் சரியான பவுல்காரன். ரெண்டு பொசிசன் பயிற்சிக்கு மாறினால், பொயின்ற் காட்டும் ஷூட்டிங் காட்டும் சேர்த்து 288 நிமிசம் வருதே, கஷ்டம் தீருமோ?

கொக்குவில் அக்கா
பொசிசன் கூடினால் வேகம் குறையும். ஆறு பெடியள் இருந்தால் ரெண்டு பொசிசன் சரி. மூண்டு பேருக்காக மாறாதேங்கோ, எல்லாருக்கும் தண்ணி கலந்துதான் கிடைக்கும்.

பவுல் கதை உண்மைதான். 40ஆவது நிமிசத்தில வெளிய போனால் எட்டு நிமிசம் போச்சு. அதுக்கு ஒண்டும் செய்யேலாது, சில கிழமை அப்பிடித்தான் வரும். கட்டையனுக்கு ஓவர்ரைம் மாட்டினால் மிஞ்சவும் செய்யும்.

இன்னொண்டு, கிழமையை எங்கயிருந்து எண்ணுறீங்கள்? பயிற்சி ஏறுறது வெள்ளிக்கிழமை. சனிக்கிழமை லீக் மட்ச் அடுத்த பயிற்சிக்கான முதல் மட்ச். திங்கள் தொடங்கி ஞாயிறு மட்டும் எண்டு எண்ணினால் சனிக்கிழமை நிமிசம் பிழையான கிழமைக்குள்ள விழும்.

திருநெல்வேலிப் பெடியன்
நான் பள்ளிக்கூடக் கிழமை மாதிரித் திங்களில இருந்துதான் அக்கா எண்ணினது. இப்ப விளங்குது. அப்ப சனி லீக் கட்டையனுக்கு, செவ்வாய் லீக் 19 வயசுக்காரனுக்கு, சிநேகபூர்வம் நெடுவலுக்கு. பழைய காட் ஷூட்டிங் காட்டில. நெடுவல் லீக் மட்சில போர்வேட்டிலயும் நிக்கலாமோ, இல்லாட்டி வாங்கில இருத்தவோ?

சுன்னாகம் சென்ரர்
கொஞ்சம் விடலாம். மொத்தம் 60, 65க்குள்ள பிடிச்சு வையும். 75ஐத் தாண்டினால் கேம் ஷேப் (ஆட்டத்துக்கான உடல் தகுதி) விழும். பிறகு டிபென்ஸ் ஏறியும் மட்சில வேலைசெய்யாது. 48 பொயின்ற் காட்டில, ஒரு பன்ரெண்டு நிமிசம் போர்வேட்டில, அவ்வளவுதான்.

பருத்தித்துறை பாஸர்
சீசன் முடியிற நேரம் சம்பளத்தையும் பாரும். திறமை ஏற ஏறச் சம்பளமும் ஏறும், மூண்டு பேரையும் கட்டிக்காக்க உம்மட மைதானத்து வருமானம் காணாமல் போகலாம். அப்ப வித்தால் கட்டையனை வியும். 185க்காரன் சந்தையில கனபேர் இருக்கிறாங்கள், இப்ப 7 எண்டு காட்டுறதால நல்ல விலையும் போவான்.

திருநெல்வேலிப் பெடியன்
கட்டையனையோ! அவன்தான் அண்ணை ஒழுங்கா ஏறுறவன்.

பருத்தித்துறை பாஸர்
அதனாலதான் அவனை வாங்க ஆள் வரும். இப்ப அவசரமில்லை, சீசன் முடியட்டும். முதல் சனிக்கிழமை லைனப்பைப் போட்டுட்டுப் படிக்கப் போம். ஏ.எல். எழுதிற பெடியன்தானே நீர்?