விஜய் திவஸ் மேடைக்கு அப்பாவை அனுப்பலாமா?

அல்சூர்க்காரி:
அப்பா மெட்ராஸ் சாப்பர்ஸ், அதாவது ராணுவத்தின் பொறியாளர் படைப்பிரிவு. 1971 பாகிஸ்தான் போரில் மேற்கு முனையில் கண்ணிவெடி அகற்றியவர். அந்தப் போரில் ஜெயித்த நாளான விஜய் திவஸ், டிசம்பர் 16 அன்று எங்கள் ஏரியாவில் ஒரு கட்சி முன்னாள் ராணுவத்தினருக்குப் பாராட்டு விழா நடத்துகிறது. வீட்டுக்கே வந்து கூப்பிட்டார்கள். தேர்தல் நெருங்குகிறது, அந்த மேடையில் யாரைத் திட்டுவார்கள் என்பதும் தெரியும். எனக்கு மனசு ஒப்பவில்லை.

குமரன், ஃப்ரேசர் டவுன்:
கூட்டிக்கொண்டு போங்கள் சகோதரி. 13 நாள் போர், 93,000 பேர் சரண் என்று புத்தகத்தில் நாலு வரி இருக்கும், அதில் ஒரு ஹவில்தாருக்கு எங்கே இடம்? கூப்பிடுகிறவன் யார் எவன் என்று பார்த்துக்கொண்டே இருந்தால் பெரியவருக்கு ஒரு சால்வைகூட விழாது.

மீனா_பெங்களூர்:
ஒத்துக்கொள்ளவே மாட்டேன். பிரசாரத்தில் படைவீரர் படத்தைப் போடாதீர்கள் என்று தேர்தல் ஆணையம் 2013ல் சொன்னது, 2019 மார்ச்சில் மறுபடியும் சொன்னது. சும்மாவா சொன்னார்கள்? மறுநாளே ஃப்ளெக்ஸில் அப்பா மெடலோடு நிற்பார், பக்கத்தில் வேட்பாளர் கும்பிட்டபடி. 2016 செப்டம்பரில் இதே பெங்களூரில் காவிரிக் கலவரத்தில் தமிழ்நாட்டு நம்பர் வண்டிகளைத் தேடித் தேடி எரித்தார்களே, அப்போது இது ராணுவக்காரர் வீடு என்று எந்தக் கட்சிக்காரர் வந்து வாசலில் நின்றார்?

குமரன், ஃப்ரேசர் டவுன்:
அந்தக் கோபம் எனக்கும் உண்டு. அதற்காக மரியாதை செய்ய வருகிறவர்களை வாசலோடு அனுப்புவதா?

அல்சூர்க்காரி:
அவர் செய்த வேலையைச் சொல்கிறேன். ராத்திரியில் குப்புறப் படுத்துக்கொண்டு கம்பியைச் சாய்வாக மண்ணில் இறக்கி, ஏதாவது தட்டுப்பட்டால் விரலால் மண்ணை விலக்கி, பாதை ஓரம் வெள்ளை நாடா இழுத்துக்கொண்டே நகர வேண்டும், பின்னால் டாங்கிகள் காத்திருக்கும். கூட இருந்த திருநெல்வேலிக்காரர் திரும்பி வரவில்லை. டிசம்பர் வந்தால் அப்பா பேசுவது அவரைப் பற்றித்தான், ஜெயித்த கதையை எடுக்கவே மாட்டார். வெடியைப் புதைத்தவனும் நம்மை மாதிரி ஒரு சாப்பர்தானே என்பார். இதை அந்த மேடையில் சொல்ல விடுவார்களா?

பழைய_ஹவில்தார்:
நானும் அல்சூர் ஏரிக்கரை எம்.இ.ஜி. சென்டரில், அதுதான் மெட்ராஸ் சாப்பர்ஸ் பயிற்சி மையத்தில், பயிற்சி எடுத்தவன்தான் அம்மா. அவரைக் கேட்டீர்களா? உயிரைப் பணயம் வைக்கத் தெரிந்தவருக்கு எந்த மேடையில் ஏறுவது என்று தெரியாதா? போகட்டும், போய்ப் பேசட்டும். 2022ல் அக்னிபத் என்ற ஆள்சேர்ப்புத் திட்டம் வந்தபிறகு பையன்களுக்கு நாலே வருஷம், அதற்கு மேல் நூற்றுக்கு 25 பேருக்குத்தான் வாய்ப்பு. மீதிப் பேர் கதி என்ன என்று சால்வை போடுகிறவர்களிடம் அவரே கேட்கட்டும். நாம் கேட்டால் யார் காதில் விழும்?

மீனா_பெங்களூர்:
ஐயா, மைக் தந்தால்தானே பேசுவார்? உட்கார வைத்து போட்டோ எடுத்து அனுப்பிவிடுவார்கள்.

அல்சூர்க்காரி:
இப்போதுதான் கேட்டேன். "மைக் தந்தால் வருகிறேன், கட்சித் துண்டு தோளில் விழக்கூடாது, திரும்பி வராத திருநெல்வேலிக்காரன் பெயரை முதலில் சொல்லிவிட்டுத்தான் மற்றதெல்லாம்" என்றார். அப்படியே ஏற்பாட்டாளரிடம் சொல்லிவிட்டேன். கேட்டுச் சொல்கிறேன் என்று போனவர்தான், பதில் இல்லை.

குமரன், ஃப்ரேசர் டவுன்:
அவர்களில் ஒருவரை எனக்குத் தெரியும். நாளைக்கே பேசுகிறேன்.

மீனா_பெங்களூர்:
பேசுங்கள். போட்டோவை ஃப்ளெக்ஸில் போட மாட்டோம் என்று எழுதியும் வாங்குங்கள். தராவிட்டால் போக வேண்டாம், என் பேச்சு அதுதான்.